சீனத்து வேரும் சனிக்கிழமைக் கூழும்

கரவெட்டியில் இரத்தினம்மாவின் முகம் தெரியாதவர்கள் சிலர் இருக்கலாம். அவளுடைய உலக்கைச் சத்தம் தெரியாதவர்கள் கிடையாது. நெல்லுக் குத்துகிறவளின் உலக்கை காலை முழுவதும் ஒரே தாளத்தில் விழும். இரத்தினம்மாவின் உலக்கை அப்படியல்ல. கொஞ்ச நேரம் கல்லில் விழுகிற மாதிரிக் கேட்கும், பிறகு பஞ்சில் விழுகிற மாதிரி, பிறகு சத்தமே அடங்கி ஒரு உரசல் மட்டும். வேலிக்கு அப்பால் போகிறவர்கள் நின்று, "இப்ப கடுக்காய் இடிபடுது", "இல்லை, சுக்கு" என்று பந்தயம் பிடிப்பார்கள். பெரும்பாலும் இரண்டு பேரும் சொன்னது பிழையாயிருக்கும்.

ஊர் வைத்தியர்களான பரியாரிமாருக்கு மருந்துச் சரக்கு இடித்துக் கொடுப்பது அவள் தொழில். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டில் அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. புருஷன் ஏரம்பு வன்னிக்கு வயல் செய்யப் போய், மூன்றாம் வருஷம் காய்ச்சலோடு திரும்பி வந்து, அந்தக் காய்ச்சலோடேயே போய்விட்டான். அப்போது மகள் கமலாவதிக்கு நாலு வயது. இப்போது அவள் வாத்தியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் படிப்பு முழுவதும் ஒரு உலக்கையின் பூணில்தான் நின்றுகொண்டிருந்தது.

இரத்தினம்மா இந்த வேலைக்கு வந்த விதம் ஊருக்கே தெரியும். அவளுக்கு முன்னால் பரமலிங்கப் பரியாரியாருக்கு இடித்தவள் பூரணம். நல்ல கைக்காரி, ஆனால் வாயும் கையும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறவள். ஒருநாள் கதைத்துக் கதைத்துச் சுக்குக்குப் பதிலாக வசம்பை அள்ளி உரலில் போட்டுவிட்டாள். அதை வாங்கிக் குடித்த மனிதர் மூன்று நாள் சத்தியும் வாந்தியுமாகக் கிடந்தார். பரியாரியார் ஏசவில்லை. "உலக்கையை வைச்சிட்டுப் போ பிள்ளை" என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து சுற்றியுள்ள நாலு ஊரிலும் எந்தப் பரியாரியும் பூரணத்திடம் ஒரு வேரைக்கூடக் கொடுக்கவில்லை. அவள் நெல்லியடிச் சந்தையில் பிட்டு விற்கப் போனாள்.

அந்த உலக்கை அடுத்த நாள் இரத்தினம்மாவின் கைக்கு வந்தது. கூடவே ஒரு வசனமும் வந்தது.

"சரக்கு ஒருக்கால் மாறினால் போதும், பிள்ளை. ஒருக்கால்தான். விளங்கிச்சுதோ?"

"ஓம், ஐயா."

பதினாலு வருஷம் மாறவில்லை. காரணம், அவள் தனக்கென்று உண்டாக்கிக்கொண்ட முறை. எந்தச் சரக்கு வந்தாலும் முதலில் ஒரு நுனியைக் கடித்து, நாக்கில் உருட்டி, துப்புவாள். பிறகு பழைய வேட்டித் துண்டு ஒன்றால் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டுவாள். மருந்துக்குள் மூச்சும் எச்சிலும் விழக்கூடாது என்பதற்காக. கட்டின பிறகு பேச்சில்லை. "இரத்தினம், உன்ரை ஆடு பயிருக்குள்ளை நிக்குது" என்று யாராவது கத்தினாலும் கண்ணால்தான் மறுமொழி. ஒரே நாளில் மருந்தும் சாப்பாட்டு மாவும் இடிக்க வேண்டியிருந்தால் மருந்து முதல், மா பிறகு. மா இடிக்கும்போது துண்டை அவிழ்த்து, அதுவரை அடக்கி வைத்த கதையெல்லாவற்றையும் ஒரேயடியாகக் கதைப்பாள்.

அந்த வருஷம் மாசியில் பென்சனியர் தியாகலிங்கம் படுக்கையில் விழுந்தார்.

மலாயாவில் ஈப்போ ரயில் நிலையத்தில் முப்பது வருஷம் கிளாக்கர் வேலை பார்த்து, ஓய்வூதியத்தோடு கரவெட்டிக்குத் திரும்பி, கல்வீடு கட்டினவர் அவர். வந்த மறுவருஷமே நெருப்புக் காய்ச்சல் பிடித்தது. பரமலிங்கப் பரியாரியார் இருபத்தொரு நாள் பக்கத்தில் இருந்து காய்ச்சலை இறக்கினார். காய்ச்சல் போன பிறகும் உடம்பு தேறவில்லை. ஒரு கையால் செம்பைத் தூக்க முடியாது. விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி, பத்தியக் கஞ்சியைக் குடித்துக்கொண்டு, மனைவி குணலட்சுமியை அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். அதிகாரம் மட்டும் மெலியவில்லை.

பரியாரியாரும் பென்சனியரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அதனால் வைத்தியம் எப்போதும் வாக்குவாதமாகவே நடக்கும்.

"அமுக்கிராக் கிழங்குச் சூரணம் தாறன். பாலிலை ஒரு மண்டலம் குடியும். உடம்பு முறுகும்" என்றார் பரியாரியார்.

"குதிரை நாத்தம் நாறுற கிழங்கு. அதை ஆர் குடிப்பான்?"

"குதிரைப் பலம் வேணுமெண்டால் குதிரை மணந்தால் என்ன காணும்?"

"எனக்கு உம்மடை குதிரையும் வேண்டாம், கழுதையும் வேண்டாம். என்னட்டை ஜின்செங் கிடக்கு."

கிடந்தது உண்மை. ஈப்போவில் மருந்துக்கடை வைத்திருந்த சீனச் சிநேகிதர் ஒருவர், வேலையை விட்டு வருகிற அன்று கொடுத்த வேர். கொரியா தேசத்து மலையில் ஆறு வருஷம் மண்ணுக்குள் கிடந்ததாம். சிவப்புப் பட்டுத் துணி விரித்த தகரப் பெட்டிக்குள், கையும் காலும் தலையுமாக ஒரு குட்டி மனிதன் மல்லாந்து கிடப்பது போல இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பென்சனியர் அதைத் திறந்து காட்டுவார். தொட விடமாட்டார். "சீனத்திலை ராசாக்கள் சாப்பிட்டது. செத்துக் கிடக்கிறவனும் எழும்பி இருப்பான்" என்பார். பார்த்தவர்கள் தலையாட்டிவிட்டு, படலைக்கு வெளியே போய்ச் சிரிப்பார்கள்.

பரியாரியாருக்கு உள்ளூர ஆவல்தான். அவரிடமிருந்த ஏடுகள் ஒன்றிலும் இந்த வேர் இல்லை. சூடா, குளிர்ச்சியா, எதோடு சேரும், எதற்குப் பகை, ஒன்றும் தெரியாது. தெரியாது என்று தியாகலிங்கத்திடம் சொல்வதைவிட நாக்கைக் கடித்துக்கொள்வது மேல்.

"சரி, உம்மடை விருப்பம். மாரியிலை பெட்டிக்குள்ளை கிடந்து பூஞ்சணம் பிடிச்சிருக்கு. பிளந்து ரெண்டு நாள் வெய்யிலிலை காயவிடும். சனிக்கிழமை இரத்தினத்தை அனுப்புறன், இடிச்சுத் தருவாள்" என்றார்.

பென்சனியர் தானே இரண்டு கையாலும் கத்தியைப் பிடித்து வேரை நெடுக்காகப் பிளந்தார். கை போயிற்று, கால் போயிற்று, தலையும் போயிற்று. எட்டுத் துண்டு. முழுசாக இருந்தவரை உலகத்தில் வேறெதையும் போல இல்லாத அந்த வேர், பிளந்ததும் யாழ்ப்பாணத்தில் எல்லா வீட்டு முற்றத்திலும் காய்கிற ஒரு சாமானைப் போல ஆகிவிட்டது. பனங்கிழங்கை இரண்டாகப் பிளந்து காயவைத்த ஒடியலைப் போல. அதே வெளிறிய மஞ்சள். அதே சுருக்கம்.

குணலட்சுமியின் முற்றத்திலும் ஒடியல் காய்ந்துகொண்டிருந்தது. பாயில் ஒடியல், பக்கத்துச் சுளகில் சீனத்து வேர். வெள்ளிக்கிழமை பின்னேரம் காலமில்லாக் காலத்தில் ஒரு தூறல் விழுந்தது. காற்றில் சுளகு சாய்ந்தது. குணலட்சுமி ஓடி வந்து கைக்கு வந்ததை வந்தபடி அள்ளினாள். பெரிய பெட்டிக்குள் ஒடியல். சின்னப் பெட்டிக்குள், எண்ணிப் பார்த்து, எட்டுத் துண்டு. எட்டு என்ற கணக்குச் சரியாக வந்ததில் அவளுக்குத் திருப்தி.

சனிக்கிழமை காலை இரத்தினம்மா உலக்கையோடு வந்தாள். புது வேரைப் பார்க்கும் ஆவலில் பரியாரியார் அவளுக்கு முதலே வந்து விறாந்தையில் இருந்தார். அன்று அந்த வீட்டில் இரட்டை வேலை. மருந்தும் இடிக்க வேண்டும், மத்தியானக் கூழுக்கு ஒடியலும் இடிக்க வேண்டும். குணலட்சுமியின் தமையன் குடும்பம் அரியாலையிலிருந்து நண்டோடும் இறாலோடும் வருகிறது.

சின்னப் பெட்டியைத் திறந்து, வழக்கம்போல ஒரு துண்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

"ஏய் ஏய்! என்ன செய்யிறாய்?" சாய்மனைக் கதிரை அதிர்ந்தது.

"கடிச்சுப் பாக்கிறன், ஐயா. அறியாத சாமான். குணம் தெரியவேணும்."

"குணம் எனக்குத் தெரியும். கடிச்சுத் துப்புறதுக்கோ கப்பலிலை கொண்டு வந்தனான்? நீ இடி, காணும்."

இரத்தினம்மா பரியாரியாரைப் பார்த்தாள். அவர் மூக்குப்பொடி டப்பாவைத் திறப்பதில் மும்முரமாக இருந்தார்.

சரி என்று துணியைக் கட்டினாள். இடித்தாள். இடிக்கும்போது தும்பு தும்பாக வந்தது. சீனத்து வேருக்கும் தும்பு இருக்கும்போலும் என்று நினைத்துக்கொண்டு, மூன்று தரம் துணியில் சலித்து, பட்டுப் போன்ற மாவாக விறாந்தைக்குக் கொண்டுவந்து வைத்தாள். கட்டின மூக்குக்கு ஒரு வாசமும் எட்டவில்லை.

பரியாரியார் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். "ம். முதலிலை கசப்பு. பிறகு ஒரு இனிப்பு. கீழை ஒரு காரம் ஓடுது. நல்ல சரக்கு."

பென்சனியரும் ஒரு சிட்டிகை எடுத்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "அந்தக் கடை வாசலிலை நிக்கிற மாதிரியே கிடக்கு. ஈப்போ வாசம்!"

சுடுநீரில் கலந்து முதல் வேளை குடித்தார். கால் மணித்தியாலத்தில், "நரம்பிலை ஏறுது, பரமலிங்கம். ஓம், ஏறுது. முழங்காலுக்கு வந்திட்டுது" என்று அறிவித்தார். அடுத்த கால் மணித்தியாலத்தில் அது இடுப்புக்கு வந்தது.

பின்வளவில் இரத்தினம்மா துணியை அவிழ்த்துவிட்டுப் பெரிய பெட்டி ஒடியலைப் போட்டாள். உலக்கை விழ விழ, அரியாலைக்காரர் எத்தனை பேர், நண்டு எத்தனை, என்று குசினிக்குள் இருந்த குணலட்சுமியோடு கதை. இடித்ததை அரித்து, மாவைக் குசினிக்குக் கொடுத்தாள். குணலட்சுமி அதைப் பானைத் தண்ணீரில் ஊறப் போட்டாள். ஒடியல் மாவை அப்படி ஊறவிட்டு, மேல் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் கூழ் காய்ச்சுவார்கள். அப்போதுதான் கசப்புப் போகும்.

அரித்து மிஞ்சின கப்பியை இரத்தினம்மா இரண்டாம் தரம் உரலில் போட்டாள். இரண்டு இடி இடித்ததும் கை நின்றது.

ஒடியலுக்கு அந்த வாசம் கிடையாது. புதுசாகக் கொத்தின மண்ணின் வாசம், அதற்குள் ஏதோ ஒரு பழைய மரத்தின் வாசம். கப்பியைக் கிளறினாள். ஒரு துண்டு அகப்பட்டது, அரை விரல் நீளம். தோலில் மெல்லிய வளையம் வளையமாகக் கோடு. உடைத்தாள். தும்பே இல்லை, காய்ந்த தேன்மெழுகு மாதிரிப் பொட்டென்று உடைந்தது. நாக்கில் வைத்தாள். கசப்பு. பொறுத்திருந்தாள். தொண்டைக்குக் கீழே போனபிறகு, மெல்ல, எங்கேயோ ஆழத்திலிருந்து ஒரு இனிப்பு ஏறி வந்தது.

பதினாலு வருஷத்தில் அவள் நாக்கு அறியாத சுவை.

அப்படியானால் விறாந்தையில் பென்சனியர் குடித்தது?

விறாந்தையிலிருந்து இரண்டு கிழவர்களின் சிரிப்புச் சத்தம் வந்தது. பென்சனியருக்கு அது இப்போது தோளுக்கு ஏறியிருந்தது. குடித்தவர் சந்தோஷமாயிருக்கிறார். நல்ல சரக்கு என்று பரியாரியார் சொல்லியாயிற்று. சின்னப் பெட்டிக்குள் எட்டுத் துண்டை வைத்த குணலட்சுமிக்குச் சந்தேகமில்லை. இந்தக் கப்பியை வாழையடியில் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. சொன்னால் பரியாரியாரின் நாக்கும் பென்சனியரின் ஈப்போவும் முற்றத்தில் விழுந்து உடையும், அவளுடைய உலக்கை அதற்கு முதல் விழும். கமலாவதிக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் கிடந்தது.

ஆனால் அந்த மனிதர் காலையில் செம்பைத் தூக்கியதை அவள் பார்த்திருந்தாள். இரண்டு கையும் நடுங்கினது. இனி ஒரு மாதம் ஒடியல் மாவை நம்பிக் குடித்துக்கொண்டு கிடப்பார்.

குசினிக்குள் பானை சரிகிற சத்தம் கேட்டது. குணலட்சுமி மேல் தண்ணீரை ஊற்றப் போகிறாள். ஆறு வருஷம் கொரியா மலையில் இருந்தது, கடல் தாண்டி வந்தது, இப்போது வாழைப் பாத்திக்குப் போகப்போகிறது.

"அக்கா! ஊத்தாதேங்கோ!"

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வளவுக் கோழிகள் பறந்தன.

"என்னடி? பாம்போ?" என்று பானையைக் கட்டிப்பிடித்தபடி கேட்டாள் குணலட்சுமி.

இரத்தினம்மா உள்ளங்கையில் அந்த அரை விரல் துண்டோடு விறாந்தைக்கு வந்தாள்.

"பரியாரியார், சரக்கு மாறிப்போச்சுது."

"என்ன சரக்கு?"

"ஐயா குடிச்சது ஒடியல் மா. சீனத்து வேர் கூழ்ப் பானைக்குள்ளை கிடக்கு."

பரியாரியாரின் விரலில் இருந்த பொடி மூக்குக்குப் போகாமல் அந்தரத்தில் நின்றது.

"விசர்க்கதை கதையாதை!" என்று பென்சனியர் நிமிர்ந்தார். "குடிச்சவன் நான். எனக்குத் தெரியாதோ? கழுத்துமட்டும் ஏறி நிக்குது எனக்கு."

வாசலில் வந்து நின்ற குணலட்சுமிதான் முதலில் சிரித்தாள். தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டும் அடங்கவில்லை. "இஞ்சேருங்கோ, ஈப்போ வாசம் எண்டியள்! அது எங்கடை பின்வளவுப் பனங்கிழங்கு!"

சிரித்து முடிவதற்குள் அவளுக்கு நேற்றைய தூறல் நினைவுக்கு வந்தது. முகம் மாறியது. "ஐயோ, அள்ளினது நானெல்லோ..."

"அள்ளினது ஆரெண்டது கதையில்லை, அக்கா" என்றாள் இரத்தினம்மா. "இடிக்கிற சாமான் இன்னதெண்டு தெரிஞ்சு இடிக்கவேண்டியவள் நான்."

பரியாரியார் பொடியை உதறினார். யாரையும் பார்க்காமல், முற்றத்து மாமரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உலக்கையை வைச்சிட்டுப் போ, பிள்ளை."

அவள் எதிர்பார்த்த வசனம்தான். பின்வளவுக்குப் போய் உலக்கையைச் சுவரில் சாத்தினாள். துணியை மடித்து இடுப்பில் செருகினாள். படலைக்கு வந்துவிட்டாள்.

"நில், பிள்ளை!"

சத்தம் பென்சனியருடையது. அவர் எழும்பி நின்றுகொண்டிருந்தார், தூணைப் பிடித்தபடி, கால் இரண்டும் ஆட.

"பரமலிங்கம், இஞ்சை பாரும். கடிச்சுப் பாக்கப் போனவளைத் தடுத்தது நான். ஈப்போ வாசம் எண்டு அழுததும் நான்தான். நாக்கிலை வைச்சுக் கசப்பு, இனிப்பு, காரம் எண்டு வரிசைப்படுத்தினது நீர். உண்மை சொன்னவள் அவள் ஒருத்தி. எங்களை விட்டிட்டு அவளைப் போகச் சொல்லுறீர். உது என்ன நியாயம் காணும்?"

"சட்டம் சட்டம்தான்."

"அப்ப நீரும் மாத்திரைப் பெட்டியை வையும். சேர்ந்து நெல்லியடிச் சந்தையிலை பிட்டு விக்கலாம்."

குணலட்சுமிக்கு மறுபடி சிரிப்பு வந்தது. பரியாரியாருக்கு வரவில்லை. அவர் மூக்குப்பொடி டப்பாவை மூடினார், திறந்தார், மூடினார். கடைசியில் அதைத் தூரத் தள்ளி வைத்தார்.

"தியாகலிங்கம், உமக்கு ஒண்டு சொல்லுறன். வெளியிலை கதைக்காதையும். உந்தப் பொடி போட்டுப் போட்டுப் பத்து வருசமாச்சுது, எனக்கு மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் ஒண்டுதான். நாக்கும் அதோடை போச்சு."

"பத்து வருசமாகவோ? அப்ப சரக்கை மணந்து மணந்து பாப்பீரே?"

"பாவனை. அவள் இடிச்சதெண்டால் பிழை வராதெண்டு தெரியும். அந்தத் தைரியத்திலை மணந்தனான்."

பிறகு பரியாரியார் படலைப் பக்கம் திரும்பினார்.

"இரத்தினம், திரும்பி வா. நீ போனால் என்ரை வைத்தியமும் இண்டையோடை சரி."

இரத்தினம்மா வந்தாள். வந்து, விறாந்தைப் படியில் நின்று, ஒரு விஷயத்தைத் தெளிவாகக் கேட்டாள். "ஐயா, இனி நான் கடிச்சுப் பாக்காத சாமானை எனக்குத் தரமாட்டியள்தானே? அது சீனத்து ராசா சாப்பிட்டதெண்டாலும்?"

"தரமாட்டன்."

"பென்சனியர் ஐயா?"

"இதென்ன, கோட்டுக் கூண்டோ? தடுக்கமாட்டன், போ."

அடுத்த பிரச்சினை பானைக்குள் கிடந்தது. வேரின் சாறு இறங்கின தண்ணீரை ஊற்ற முடியாது. மாவையும் வேரையும் பிரிக்க முடியாது. வேர் உள்ளே போகவேண்டுமென்றால் கூழ் உள்ளே போகவேண்டும். ஆனால் பென்சனியர் பத்தியத்தில் இருந்தார். கூழுக்கு நண்டு வேண்டும், இறால் வேண்டும், செத்தல் மிளகாய் வேண்டும், புளி வேண்டும். ஒவ்வொன்றும் பத்தியத்துக்குப் பகை.

"சீனத்து வேருக்குப் பத்தியம் இன்னதெண்டு உம்மடை எந்த ஏட்டிலை கிடக்கு?" என்று பென்சனியர் வழக்காடினார். நாற்பது நாள் கஞ்சி அவரைச் சட்டத்தரணியாக்கியிருந்தது.

"ஒரு ஏட்டிலும் இல்லை. அதாலை கஞ்சிப் பத்தியம்தான்."

"அப்ப நண்டு?"

"ஈப்போவுக்கு எழுதிக் கேளும். உம்மடை சிநேகிதர் ஓம் எண்டு மறுமொழி போட்டால் நண்டு தாறன்."

"கப்பலிலை கடிதம் போய்வர ரெண்டு மாசம் செல்லுமே!"

"அதுக்குள்ளை பத்தியம் முடிஞ்சிடும். கடிதமும் தேவைப்படாது."

தண்ணீரை ஊற்றாமல், கசப்போடேயே கூழ் காய்ச்சினார்கள். பென்சனியருக்கென்று முதலில் ஒரு சட்டியில் வெள்ளைக் கூழ் எடுத்து வைக்கப்பட்டது. அரிசி, பலாக்கொட்டை, உப்பு. மிச்சத்துக்குள் அரியாலை நண்டும் இறாலும் மிளகாயும் புளியும் இறங்கின. பனையோலைப் பிளாவைக் கையில் ஏந்தி முற்றத்தில் வட்டமாக இருந்து எல்லோரும் குடித்தார்கள். பென்சனியர் விறாந்தையிலிருந்து ஒவ்வொரு நண்டுக் காலும் எந்த வாய்க்குப் போகிறது என்று கவனித்தபடி, மூன்று பிளா வெள்ளைக் கூழ் குடித்தார். இரத்தினம்மாவும் ஒரு பிளா குடித்தாள்.

கூழ் குடித்த மத்தியானத்தில் நித்திரை வராத வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை. அன்று அந்த வீட்டில் ஒருவரும் கண்ணயரவில்லை. அரியாலைப் பெண்கள் பொழுது சாயும்வரை ஓயாமல் கதைத்தார்கள். சீனத்து வேரின் வேலை என்றார் பென்சனியர். "அவையள் எந்த நாளும் உப்பிடித்தான்" என்றாள் குணலட்சுமி. எது சரி என்று சொல்ல, பானையில் மிச்சம் இருக்கவில்லை.

சீனத்து வேர் இப்படி ஒரே நாளில் ஏழு பேருக்குள் பங்காகிப் போனதால், பென்சனியருக்கு வேறு வழி இருக்கவில்லை. "சரி, உந்தக் குதிரைக் கிழங்கைக் கொண்டுவாரும்" என்றார். அமுக்கிராவை இடித்து மட்டும் கொடுத்தால் போதாது. பால் பானையின் வாயில் துணி கட்டி, அதன்மேல் மாவைப் பரப்பி, பிட்டு அவிக்கிற மாதிரி ஆவியில் அவித்து எடுக்க வேண்டும். அதற்கு முதல் கிழங்கு நல்லதாயிருக்க வேண்டும். வழக்கமாகப் பரியாரியார் யாழ்ப்பாணம் பெரியகடைக்குப் போய், சாக்கைத் திறந்து, ஒன்றை மணந்து, தலையாட்டி வாங்கி வருவார். வந்தது அமுக்கிராதானா என்று கடித்துப் பார்ப்பது இரத்தினம்மாவின் வேலை, பழசா புதுசா என்று அவளை ஒருவரும் கேட்டதில்லை. திங்கட்கிழமை காலை அவர் இரத்தினம்மாவின் வளவுக்கு வந்தார். கையில் வெறும் பை.

"நெல்லியடியிலை பஸ் ஏறு, பிள்ளை. நான் வரேல்லை. நான் வந்தால் பழையபடி மணக்கப் பாப்பன்."

அவள் அதுவரை பெரியகடைக்குச் சேலை வாங்கப் போயிருக்கிறாள், திருவிழாவுக்கு வளையல் வாங்கப் போயிருக்கிறாள். மருந்துச் சரக்குக் கடைக்குள் கால் வைத்ததில்லை. உள்ளே ஆண்கள்தான். நாலு ஊர்ப் பரியாரிமார், அவர்களுடைய ஆட்கள், தரகர்கள். சாக்குகள் கழுத்தளவுக்கு அடுக்கியிருந்தன. கடைக்காரர் கணக்குப்பிள்ளைக்கு ஏதோ சொல்லிக்கொண்டே அவளைப் பார்த்தார்.

"என்ன வேணும், அம்மா? சுக்கோ, மல்லியோ?"

"அமுக்கிரா. பரமலிங்கப் பரியாரியாருக்கு."

"அவரோ! அவர் எடுக்கிற சாக்கு எனக்குத் தெரியும். வருசக்கணக்காக உதுதான் கொண்டு போறவர்." ஒரு சாக்கின் வாயை அவிழ்த்து, ஒரு பிடி அள்ளி நீட்டினார். "மணந்து பாருங்கோ. முதல்தரம்."

இரத்தினம்மா ஒரு கிழங்கை எடுத்தாள். மணக்கவில்லை. ஒடித்தாள். உள்ளே வெள்ளை மா இருக்கவேண்டிய இடத்தில் பழுப்பு. ஓரத்தில் ஊசித்துளை மாதிரி உளுப்பு. நுனியைக் கடித்தாள், நாக்கில் உருட்டினாள். வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"உது போன வருசத்துக் கிழங்கு."

"பரியாரியார் இதைத்தானே..."

"அவர் வரேல்லை. நான் வந்திருக்கிறன்." பையைத் தரையில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "அடுத்த சாக்கை அவிழுங்கோ."